தாத்தாவின் குத்தகை ரசீதுகள்: மடத்து நிலத்துக்கு உண்மையில் யார் சொந்தக்காரர்?

காவிரிப்பேரன் கேட்டது:

வணக்கம். பெங்களூரில் வேலை பார்க்கிறேன், பூர்வீகம் மயிலாடுதுறை பக்கம். போன மாதம் பாட்டியின் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பரணில் கிடந்த தகரப் பெட்டியை அம்மா இறக்கி என் முன்னால் வைத்து, "வேண்டாததைக் கொளுத்திடு" என்றாள். மேலே கல்யாணப் பத்திரிகைகள், நடுவில் பழைய ரேஷன் கார்டு, அடியில் ஒரு கம்பியில் கோத்து வைத்த ரசீதுகள். எல்லாம் ஒரு சைவ மடத்தின் குத்தகை ரசீது. எந்த மடம் என்று இங்கே எழுதவில்லை. படித்து முடித்தால் ஏன் என்று தெரியும்.

தாத்தா அந்த மடத்து நிலத்தில் 9 மா சாகுபடி செய்தார், அதாவது மூன்று ஏக்கர். பசலி 1386 ரசீதில் (பசலி என்பது வருவாய்க் கணக்கு வருஷம், இது 1976-77) குத்தகை 72 கலம் நெல் என்று இருக்கிறது. பத்து வருஷம் கழித்து, பசலி 1396-இல், அதே 9 மாவுக்கு 45 கலம். எல்லாமே ஏறிக்கொண்டு போகிற ஊரில் இது மட்டும் எப்படிக் குறைந்தது?

கடைசி அச்சு ரசீது பசலி 1416. அதற்கு அப்புறம் இருப்பதெல்லாம் துண்டுச் சீட்டு. கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள், "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி, ஒரு தொகை, கீழே ஒரு கிறுக்கல். சில வருஷங்களுக்கு அதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், தாத்தாவுக்கு அப்புறம் சித்தப்பாதான் பார்த்துக்கொண்டார். அவர் உழவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் விட்டு, அவரிடம் வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறார். இப்போது ஒரு பார்ட்டி வந்திருக்கிறதாம், "கொடுத்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்" என்கிறார். "அம்பது வருஷமா நம்ம கையில இருக்கு, மடம் எப்ப வந்து கேட்டுச்சு? அவங்கல்லாம் துறவி, அவங்களுக்கு எதுக்கு நிலம்?" என்பது அவர் வாதம்.

அவருடைய கடைசிக் கேள்வி எனக்கும் உண்டு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நிலமும் கடையும் வாடகையுமாக எப்படி ஒரு நிர்வாகம் நடத்துகிறார்கள்? அந்தச் சொத்து யார் பேரில் இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சுடுதண்ணி எழுதியது:

இதில் என்ன சந்தேகம்? காவி கட்டினவர் பேரில் இருக்கிறது, அவர் பேரில் இருந்தால் அவருடையது. துறவு என்பது ஊருக்கு, நிலம் என்பது அவருக்கு. உங்கள் சித்தப்பா சொல்வதுதான் சரி, உழுதவனுக்கு நிலம்.


கும்பகோணம் வக்கீல் எழுதியது:

சுடுதண்ணி, உழுதவருக்கு என்றால் இந்தக் கதையில் அது பக்கத்துத் தெருக்காரருக்கு. சித்தப்பாவுக்கு இல்லை.

காவிரிப்பேரன், முதலில் நிலம் யாருடையது என்பதை முடித்துவிடலாம். மடாதிபதியுடையது இல்லை. மடத்துடையது. "இரண்டும் ஒன்றுதானே" என்று தோன்றும், இல்லை. 1921-இல் பிரிவி கவுன்சில் வரை, அதாவது லண்டனில் இருந்த அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம் வரை, போன ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு மடத்தின் தலைவர் மடத்து நிலத்தை ஒருவருக்கு நிரந்தரக் குத்தகையாக எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பட்டத்துக்கு வந்தவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மடத்துச் சொத்து அந்த நிறுவனத்துக்கு உரியது, தலைவர் அதைப் பார்த்துக்கொள்பவர், தகுந்த அவசியம் இல்லாமல் அவர் எழுதிக் கொடுக்கும் நிரந்தரக் குத்தகை அவர் காலம் வரைதான் செல்லும் என்று தீர்ப்பு. இங்கிலாந்துக்காரர்கள் டிரஸ்டி என்று சொல்கிற அர்த்தத்தில் அவர் டிரஸ்டியும் இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. நம் ஊர் மடத்தை அவர்கள் ஊர் அளவுகோலில் அளக்க முடியவில்லை அவர்களால்.

பிறகு 1954-இல் உச்ச நீதிமன்றத்தில் சிரூர் மடம் வழக்கு. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று அது. 1951-இல் சென்னை மாநில அரசு கொண்டுவந்த அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கு. மடாதிபதி பதவி என்பது வெறும் வேலை இல்லை, அதில் கடமையும் இருக்கிறது, சொத்தின் மேல் ஓர் உரிமையும் கலந்து இருக்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது என்றார்கள். அவரைச் சம்பளத்துக்கு இருக்கும் மேனேஜர் மாதிரி நடத்தக் கூடாது. அதே சமயம் மத நம்பிக்கை விஷயம் வேறு, சொத்து நிர்வாகம் வேறு; நிர்வாகத்தை அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். இன்றைக்கும் மடம், கோயில் வழக்கு எது வந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்து வைக்காமல் யாரும் வாதாடுவதில்லை.

இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம். அதன் 34-ஆவது பிரிவை உங்கள் சித்தப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். மடத்து நிலத்தை விற்பது, அடமானம் வைப்பது, மாற்றிக்கொள்வது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவது எல்லாவற்றுக்கும் அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்திரம் செல்லாது. மடாதிபதியே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அவருக்கே இல்லாத உரிமையை உங்கள் சித்தப்பா எந்தக் கடையில் வாங்கினார்? போதாததற்குப் பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அந்த அனுமதி இல்லாத அறநிலைய நிலத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். அந்தப் பார்ட்டி இதெல்லாம் தெரியாமல் வந்திருந்தால் பாவம். தெரிந்தே வந்திருந்தால் நீங்கள் பாவம்.

குத்தகை உரிமைக்கும் ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டப்படி சாகுபடிதாரர் என்றால் தானோ தன் குடும்பமோ உடலுழைப்பைப் போடுகிறவர். வாரிசுக்கும் அது பொருந்தும். உள்குத்தகைக்கு விட்டுவிட்டு வருஷத்துக்கு ஒரு தொகை வாங்குகிறவர் அந்தச் சொல்லுக்குள் வருவது கஷ்டம். அறநிலைய நிலம் சம்பந்தப்பட்ட குத்தகை வழக்குக்கென்றே வருவாய் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே முதலில் கேட்பதே "யார் உழுகிறார்கள்" என்றுதான்.

சந்நியாசம் வாங்கியவரைப் பற்றியும் கேட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர் பழைய குடும்பத்துக்கு இறந்தவர் கணக்கு. அப்பா சொத்தில் அதற்கப்புறம் பங்கு கேட்க முடியாது, அண்ணன் தம்பிகளும் மடத்துச் சொத்தில் பங்கு கேட்க முடியாது. ஆகவே அவருக்குப் பின்னால் மகன் கிடையாது, சீடர்தான்.


பழைய கணக்கு எழுதியது:

வக்கீல் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கணக்கைச் சொல்கிறேன். ஒரு மடத்தில் 1975 முதல் 2008 வரை கணக்கு எழுதியவன். தம்பி சொல்லும் மடமா வேறு மடமா என்று யாரும் கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை.

முதலில் அந்த 72-ம் 45-ம். தம்பி, மடம் உங்கள் தாத்தாவுக்குக் கருணை காட்டவில்லை. 1956-இல் நியாய வாரச் சட்டம் வந்தது, வாரம் என்றால் குத்தகை. நஞ்சையில் மகசூலில் நிலக்காரருக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். உங்கள் பக்கத்து நிலத்துக்கு மாவுக்கு 20 கலம் மகசூல் என்று பதிந்திருப்பார்கள். அதில் 40 சதவீதம் 8 கலம். ஒன்பது மாவுக்கு எழுபத்திரண்டு. பிறகு சட்டத்தைத் திருத்தி அந்த 40-ஐ 25 ஆக்கினார்கள். 20-இல் கால் பங்கு 5 கலம், ஒன்பது மாவுக்கு நாற்பத்தைந்து. உங்கள் கம்பியில் கோத்திருப்பது தஞ்சாவூர் ஜில்லாவின் சட்டசபை வரலாறு. கொளுத்தாமல் விட்டீர்களே.

துறவிகள் எப்படி நிர்வாகம் செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் செய்வதில்லை என்பதுதான் பாதிப் பதில். நான் இருந்த மடத்தில் காவி கட்டியவர்கள் பத்துப் பேர் இருந்தால் வெள்ளை வேட்டி கட்டியவர்கள் நூறு பேர். மேலே சந்நிதானம், அதாவது மடாதிபதி. அவருக்கு அடுத்து இளைய சந்நிதானம், அவருக்குப் பின்னால் பட்டத்துக்கு வருகிறவர். தம்பிரான் சுவாமிகள் என்கிற மடத்துத் துறவிகளில் ஒருவர் உள்ளே பூஜையும் மடத்து உள் காரியமும் பார்ப்பார், இன்னொருவர் ஏதாவது ஒரு பெரிய கோயிலில், பூஜைக்கென்று எழுதிவைத்த கொடைகளைக் கவனிக்கும் கட்டளைத் தம்பிரானாக இருப்பார். அதற்குக் கீழே எல்லாரும் குடும்பஸ்தர்கள்: மேனேஜர், வட்டத்துக்கு ஒரு ஏஜெண்டு, கணக்கு, குமாஸ்தா, காவல்காரர். ஏஜெண்டு வசூல் செய்வார், நான் எழுதுவேன், மேனேஜர் சரிபார்ப்பார், சந்நிதானம் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். எங்கள் சந்நிதானத்துக்கு எந்தப் பிடாகையில் (உட்கிராமத்தில்) எந்தக் குடும்பம் எத்தனை மா வைத்திருக்கிறது என்று மனப்பாடம். நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, "அவன் மூத்தவன் இல்லப்பா, ரெண்டாவது" என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை அறுவடைக்குக் களத்துக்கு அனுப்பினார்கள். அடித்த நெல்லைப் பொலியாகக் குவித்து, யாரும் கை வைக்கக் கூடாதென்று அதன் மேல் சாணிப்பாலால் குறி போட்டிருந்தது. ஏஜெண்டு வந்து குறி கலையாமல் இருக்கிறதா என்று சுற்றி வந்து பார்த்த பிறகுதான் நெல் அளக்கும் மரக்காலைத் தொட விட்டார். அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லவில்லை. "லாபம்" என்றார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. நான் பட்டணத்தில் காமர்ஸ் படித்துவிட்டு வந்தவன், முதல் எண்ணை விட்டுவிட்டார் என்று நினைத்து ஒரு மரக்காலைக் கூட்டி எழுதிவிட்டேன். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். என் கணக்கில் மட்டும் எல்லாருக்கும் ஒரு மரக்கால் அதிகம் வந்தது. அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

கொஞ்ச வருஷத்தில் நெல் வருவது குறைந்து பணமாகவே கட்டினார்கள். ஆனால் எழுதுவது கலத்தில்தான், வருஷம் பசலியில்தான். ஜூலை முதல் தேதி புதுப் பசலி. ஒவ்வொரு குத்தகைதாரருக்கும் அந்த வருஷம் வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று மூன்று பத்தி. டி.சி.பி. ரிஜிஸ்டர் என்போம். தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான், பாக்கிப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். நெல்லாக வந்த காலத்தில் செலவும் நெல்லிலேயே போயிற்று. மடத்தின் ஆளுகையில் உள்ள ஒவ்வொரு கோயிலுக்கும் படித்தரம் என்று ஒன்று உண்டு: காலை பூஜைக்கு இத்தனை படி அரிசி, விளக்குக்கு இத்தனை எண்ணெய், மேளக்காரருக்கு இவ்வளவு. குருபூஜை, மாகேசுவர பூஜை என்றால் பந்தி. தேவாரப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு.

மடத்துக்கு ஏன் இத்தனை கோயில் என்றும் சிலர் கேட்பார்கள். வைத்தீஸ்வரன்கோயிலும் திருக்கடையூரும் தருமபுரம் ஆதீனம், சூரியனார்கோயில் திருவாவடுதுறை ஆதீனம். ராஜாக்களும் தனவான்களும் கட்டளை எழுதிவைத்து மடத்திடம் பொறுப்பு விட்டது ஒரு வழி. இன்னொரு வழியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் உண்டாக்கினான். 1817-இல் கோயில் நிர்வாகத்தைக் கம்பெனி தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரகத்துக்கு ஊழியம் செய்வதா என்று அவர்கள் ஊரில் கூச்சல் எழுந்து, 1840-களில் கையைக் கழுவியது. கம்பெனி போய் வந்த பிரிட்டிஷ் அரசாங்கம் 1863-இல் அதற்கென்றே ஒரு சட்டமும் போட்டது. யாரிடமாவது விட வேண்டுமே, கணக்கு எழுதத் தெரிந்த மடங்களிடம் பல கோயில்கள் வந்து சேர்ந்தன. கூட்டம் அலைமோதும் கோயிலும் அந்தக் கணக்கில் உண்டு, ஒரு வேளை விளக்குக்கு வழியில்லாத கோயிலும் உண்டு.

எனக்குப் பெரிய தலைவலி நிலம் இல்லை, பாதகாணிக்கை. சந்நிதானத்தைப் பார்க்க வருகிறவர்கள் தட்டில் பணம் வைத்துக் காலில் விழுவார்கள். அது அவருக்கென்று கொடுத்த காணிக்கை. மடத்துக்கென்று கொடுப்பது வேறு. 1951 சட்டம் பாதகாணிக்கையையும் மடத்துக் காரியத்துக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும் என்றது, வக்கீல் ஐயா சொன்ன சிரூர் வழக்கில் அதை அடித்துவிட்டார்கள். அது மடாதிபதி தன் இஷ்டப்படி செய்யலாம். சரி, சட்டம் தெளிவு. தட்டில் விழுந்த ஐந்நூறு ரூபாய் எது என்று யார் சொல்வது? நான் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து வெளியே வருகிறவரைக் கேட்பேன்: "இது சுவாமிக்கா, மடத்துக்கா?" முக்கால்வாசிப் பேருக்குக் கோபம் வரும். "சாமிக்குத்தான் போட்டேன், நீ யார் கேக்க?" என்பார்கள். எந்தச் சாமி என்று திருப்பிக் கேட்டால் இன்னும் கோபம். இரண்டு நோட்டு வைத்திருந்தேன், சுவாமிக்கு வந்ததற்குச் சிவப்பு அட்டை, மடத்துக்கு வந்ததற்குப் பச்சை. எங்கள் சந்நிதானம் சிவப்பு நோட்டை வருஷத்துக்கு ஒரு முறைதான் கேட்பார்கள், தீபாவளிக்கு முந்தின வாரம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேட்டி எடுக்க.

அப்புறம் அடிமனை. வீடு உங்களுடையது, அதற்குக் கீழே உள்ள மண் மடத்துடையது, மண்ணுக்கு மட்டும் வாடகை. எங்களுக்கு டவுனில் ஒரு தெருவே அப்படி இருந்தது. ஒரு வீட்டுக்கு மாதம் 14 ரூபாய். அதையும் கட்டாதவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால் தபால் செலவு ஒரு மாத வாடகையை விழுங்கிவிடும். வாடகையை ஏற்ற வேண்டும் என்று நான் ஆறு தடவை குறிப்பு வைத்தேன். ஏற்றினால் தெருவே திரண்டு வரும், எம்.எல்.ஏ. வருவார், யாருக்கு வேண்டும் இந்த வம்பு என்று குறிப்பு திரும்பி வந்துவிடும். அந்தத் தெருவில் ஒருவர் தன் வீட்டின் முன்பக்கத்தை மட்டும் கடைக்கு விட்டு மாதம் எட்டாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு 14 ரூபாய், அதிலும் மூன்று வருஷம் பாக்கி. இதுதான் மடங்கள் சொத்தை இழக்கிற வழி. ஊர் பேசுகிற மாதிரி யாரோ ஒருவர் ராத்திரியோடு ராத்திரி எழுதிக் கொடுத்து இழந்தது குறைவு. சும்மா இருந்து இழந்ததுதான் அதிகம்.

உங்கள் துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. நான் இருந்த இடத்திலும் ஒரு ஏஜெண்டு இரண்டு பசலிக்கு இப்படிச் செய்தார். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது, அப்புறம் தருகிறேன் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்பது குடும்பம். அவர்கள் கட்டியது உண்மை, என் ரிஜிஸ்டரில் பாக்கி என்று இருப்பதும் உண்மை. ரசீது நம்பர் இல்லாத பணத்தை நான் எப்படி வரவு வைக்க? கடைசியில் அவரை அனுப்பினார்கள். நாற்பது குடும்பத்துக்கும் பாக்கி பாக்கிதான். ஒரு கிழவி சீட்டுகளை மஞ்சள் பையில் கொண்டுவந்து மேஜையில் கொட்டி, "எழுத்துத் தெரியாதுன்னு ஏமாத்திட்டீங்களே" என்றாள். அந்த எழுத்து என்னுடையது இல்லை. ஆனாலும் அவள் என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.

அச்சு ரசீது பசலி 1416-உடன் நின்றிருந்தால், மடத்துக் கணக்கில் 1417 முதல் உங்கள் தாத்தா பேரில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். சித்தப்பா நிலத்தை விற்பது இருக்கட்டும். மடம் விழித்துக்கொண்டால் முதலில் வருவது குத்தகை பாக்கி நோட்டீஸ்.


கென்ட் தமிழன் எழுதியது:

பழைய கணக்கு ஐயா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன், "லாபம்" இடத்தில் இருவரும் சிரித்தோம்.

நான் பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் இருக்கிறேன். இங்கே டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகள் பீர் காய்ச்சி மடம் நடத்துகிறார்கள். ஓர்வால் என்ற மடம் பிரெஞ்சுப் புரட்சியில் இடிந்து கிடந்தது, அதைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டும் என்றே 1931-இல் மதுபான ஆலை தொடங்கினார்கள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்ற இன்னொரு மடம். உலகத்தின் சிறந்த பீர் என்று பெயர் வாங்கியும், நெடுங்காலம் முன்பதிவு செய்தவர்களுக்கு மடத்து வாசலில் அளவாகத்தான் விற்றார்கள். 2011-இல் கட்டடத்தைப் புதுப்பிக்கக் காசு தேவைப்பட்டபோது ஒரே ஒரு முறை சூப்பர் மார்க்கெட்டில் விற்றார்கள், தேவை முடிந்ததும் பழையபடி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

'அசல் டிராப்பிஸ்ட்' என்ற முத்திரையைப் பாட்டிலில் போட வேண்டுமென்றால், சரக்கு மடத்து எல்லைக்குள் துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சியதாக இருக்க வேண்டும் என்று 1997-இல் அமைந்த அவர்கள் சங்கத்தின் விதி. ஆகெல் என்ற மடத்தில் துறவிகளே இல்லாமல் போனதும் 2021-இல் அந்த முத்திரை போய்விட்டது. பீர் அதே பீர்தான், காய்ச்சியவர்களும் அதே ஆட்கள்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிய மடத்து விதிகளில், மடத்தில் செய்த பொருளை வெளியே உள்ளவர்கள் விற்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே விற்க வேண்டும், பேராசை புகுந்துவிடக் கூடாது என்று இருக்கிறது. உங்கள் 14 ரூபாய் அடிமனையைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது.


பழைய கணக்கு எழுதியது:

கென்ட் தம்பி, அவர்கள் விதி வைத்துக் குறைத்தார்கள். நாங்கள் சோம்பலால் குறைத்தோம். ஒன்றாக வைக்காதீர்கள்.

ஆனால் எனக்கு ஒரு பொறாமை. பீர் காய்ச்சுகிற துறவிக்குச் சரக்கு கண் முன்னால் இருக்கிறது. எங்கள் மடத்து நிலம் ஐந்து தாலுகாவில் சிதறிக் கிடந்தது. சந்நிதானம் நேரில் பார்க்காத நிலமே பாதிக்கு மேல். பார்க்காத நிலத்தை ஏஜெண்டு சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஏஜெண்டு சொல்வதை நான் எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.


காவிரிப்பேரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சித்தப்பாவிடம் போனில் 34-ஆவது பிரிவைப் படித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப அந்த பார்ட்டி கொடுத்த அட்வான்ஸ்?" என்றார். அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும்.

உழுகிற பக்கத்துத் தெருக்காரரிடமும் பேசினேன். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் உழுகிறார். சித்தப்பாவுக்குக் கொடுத்த பணத்துக்கு அவரிடமும் சீட்டு இல்லை. மடத்து ஆபீசுக்குப் போய்ப் பேசி அவர் பேருக்கே மாற்றிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. நான் உழப் போவதில்லை. பயம் என்னவென்றால் பாக்கி. 1417 முதல் 1434 வரை 18 பசலி. வருஷத்துக்கு 45 கலம், மொத்தம் 810 கலம். இன்றைய நெல் விலையில் போட்டுப் பார்த்து மூடிவைத்துவிட்டேன்.


கும்பகோணம் வக்கீல் எழுதியது:

அட்வான்சைத் திருப்பிக் கொடுத்து, திருப்பிக் கொடுத்ததற்கு எழுதி வாங்கச் சொல்லுங்கள். சாட்சி இருவர். உழுகிறவர் பேருக்கு மாற்றுவது நல்ல யோசனை, ஆனால் நீங்களாக அவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. நீங்கள் விட்டுக் கொடுப்பதாக மடத்துக்கு எழுத வேண்டும், அவர் தனக்குக் குத்தகை கேட்டு மடத்துக்கு எழுத வேண்டும். இரண்டு தனித் தாள்.


பழைய கணக்கு எழுதியது:

தம்பி, 810 கலத்தை இன்றைய விலையில் போடாதீர்கள். அந்தந்தப் பசலிக்கு அந்தந்த வருஷத்து விலைதான் போட வேண்டும், அப்படிப் போடச் சொல்லிக் கேளுங்கள். பாதிக்குக் கீழே இறங்கும். வஜாவும் கேளுங்கள். வறட்சி வருஷத்துக்குக் குத்தகையில் கழிவு உண்டு, மனு கொடுத்தால்தான். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டா முழுக்கக் காய்ந்ததே, அது பசலி 1426. அதை முதல் வரியில் எழுதுங்கள்.

துண்டுச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவை வரவாகாது, ஆனால் கட்ட மனம் இருந்தது என்று காட்டும், மேனேஜர் மனுஷராக இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நகல் மட்டும் கொடுங்கள், அசலைக் கம்பியிலிருந்து கழற்றவே வேண்டாம். ஆபீசுக்குப் பத்தரைக்கு மேல் போங்கள். குருபூஜை வாரத்தில் போகாதீர்கள், ஒருவரும் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். உங்கள் தாத்தா பேரைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது. அந்தக் கால ரிஜிஸ்டரில் தகப்பனார் பேரை முன்னால் வைத்து, பிடாகை வாரியாக எழுதியிருப்போம். கொள்ளுத்தாத்தா பேரும் பிடாகைப் பேரும் தெரியுமா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டு போங்கள்.